அத்தியாயம் 9: குரூஸ் கண்ட்ரோலை விடுவிப்பது எப்படி?

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிய ஒரு காலை. மோட்டார் சைக்கிளின் மீட்டரில் 80 கிலோமீட்டர். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. சென்டர் மீடியனின் இடைவெளி வழியாக ஓர் ஆடு சாலைக்குள் இறங்கியது. அதன் பின்னால் இன்னும் நான்கைந்து. என் வலது கை, முப்பது வருடப் பழக்கத்தில், ஆக்ஸிலேட்டரை மூடப் போனது. மூட அங்கே ஒன்றுமில்லை. பிடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. வண்டி மட்டும் அதே 80-ல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு விநாடி கழித்து விரல்கள் பிரேக்குக்குப் போயின. குரூஸ் விட்டது, வண்டி குறைந்தது, ஆடுகளும் தப்பின, நானும் தப்பினேன். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது 22 மீட்டர். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். அந்த 22 மீட்டரை வண்டியின் கோளாறு தின்னவில்லை. குரூஸைப் போடக் கற்றுக்கொண்ட நான், அதை எடுக்கக் கைக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டதுதான் தின்றது.

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஊரே வரும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் வேலை. அந்த வேலைக்குத் தேர்ந்த ஆள் இல்லாமல் எந்த ஊரிலும் தேரை நிலையிலிருந்து நகர்த்த மாட்டார்கள். குரூஸ் கண்ட்ரோலுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். எடுக்கும் வழி கையில் ஊறிய பிறகுதான் போடும் பட்டனைத் தொட வேண்டும். அதனால் இந்த அத்தியாயத்தில் வரிசையை மாற்றி, விடுவிப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பிடி மூடியிருந்தும் வண்டி ஓடுவது ஏன்?

பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கேபிள் இருந்தது. நீங்கள் முறுக்கினால் கேபிள் இழுக்கும், காற்று போகும் வழி திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும். கைக்கும் இன்ஜினுக்கும் நேரடி உறவு.

இன்றைய டூரிங் வண்டிகளில் அந்தக் கேபிள் இல்லை. பிடியில் இருப்பது ஒரு சென்சார். நீங்கள் எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்பதை அது வண்டியின் கணினிக்குச் சொல்கிறது. கணினி ஒரு சிறிய மோட்டார் மூலம் காற்றுக் கதவைத் திறக்கிறது. இதைத்தான் ‘ரைடு பை வயர்’ என்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் தன் டூரிங் வண்டிகளில் 2008-ல் இந்த முறைக்கு மாறியது. ஹோண்டா கோல்டு விங் 2018-ல் புதிதாக வடிவமைக்கப்பட்டபோது மாறியது.

குரூஸைப் பூட்டியதும் கணினி உங்கள் பிடி மூடியிருப்பதைப் பொருட்படுத்தாமல், சக்கர வேகத்தைப் பார்த்துக் காற்றுக் கதவைத் தானே இயக்குகிறது. மேடு வந்தால் கூடத் திறக்கும், இறக்கம் வந்தால் குறைக்கும். நீங்கள் கையைத் தளர்த்தியதும் பிடி ஸ்பிரிங்கின் இழுப்பில் மூடிய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ‘ஆக்ஸிலேட்டரை மூடுவது’ என்ற செயலுக்கு அர்த்தமே இல்லை. நம் கை இத்தனை வருடமாக நம்பியிருக்கும் முதல் பாதுகாப்பு அது. குரூஸ் ஓடும்போது அது வேலை செய்யாது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள்.

குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். பிறர் ஓட்டும் காரில் உட்கார்ந்து போகும்போது வேகம் ஏறி இறங்குவதை உடம்பால் உணர்ந்தவர். 1950-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. காருக்காகப் பிறந்த கருவி இது. காரில் ஓட்டுநரின் கால் சும்மா இருந்தாலும் பிரேக் மிதி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் கை, கால், விரல் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. அதனால் விடுவிக்கும் வழிகளும் பல. அவற்றைப் பிரித்து அறிவது அவசியம்.

மீட்டர் காட்டும் நான்கு நிலைகள்

குரூஸ் எப்போதும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்.

1. அணைந்த நிலை: பிரதான சுவிட்ச் ஆஃப். மீட்டரில் குறி இல்லை.
2. தயார் நிலை: பிரதான சுவிட்ச் ஆன். குறி எரிகிறது, வேகம் இன்னும் பூட்டப்படவில்லை.
3. பூட்டிய நிலை: கணினி வேகத்தைப் பிடித்திருக்கிறது. குறியின் நிறம் மாறும், அல்லது ‘செட்’ என்ற இன்னொரு குறி வரும்.
4. விடுவித்த நிலை: வேகத்தை விட்டுவிட்டது. ஆனால் பூட்டியிருந்த வேகம் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது நிலையும் நான்காவது நிலையும் பல வண்டிகளில் மீட்டரில் ஒரே மாதிரி தெரியும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் குரூஸ் பக்கத்தைத் திறந்து, எந்த நிலைக்கு எந்த நிறம் என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு கம்பெனி வண்டி ஓட்டும் நண்பர் சொன்ன நிறம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

விடுவிக்கும் ஐந்து வழிகள்

*ஒன்று: முன்பிரேக்.* வலது கை விரல்களால் லீவரை லேசாக இழுத்தாலே போதும். பிரேக் பிடிக்கும் அளவு கூட வேண்டாம். பின்னால் உள்ள பிரேக் விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் தட்டப்பட்டதுமே கணினி குரூஸை விட்டுவிடும். பின்னால் வரும் லாரிக்காரருக்கும் சிவப்பு விளக்கு தெரியும். நம் சாலைகளில் அது பெரிய லாபம். பிரேக் அல்லாத மற்ற வழிகளில் வண்டி மெதுவாவது பின்னால் வருபவருக்குச் சட்டென்று தெரியாது.

*இரண்டு: பின்பிரேக்.* வலது காலால் மிதித்தாலும் அதே விளைவு. ஆனால் நீண்ட பயணத்தில் பலர் கிராஷ் கார்டில் பொருத்திய ஃபுட்ரெஸ்ட்டில் காலை நீட்டிக்கொள்கிறார்கள். குரூஸ் போட்டதும் கால் நீளும், உடம்பு சாயும். அந்த நிலையில் பிரேக் மிதி அரை அடிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. காலை நீட்டியிருக்கும் வரை இந்த இரண்டாவது வழி உங்களுக்கு இல்லை என்றே கணக்கு வையுங்கள்.

*மூன்று: கிளட்ச்.* இடது லீவரை இழுத்தால் கிளட்ச் சுவிட்ச் கணினிக்குச் சொல்லும், குரூஸ் விட்டுவிடும். இல்லாவிட்டால் சுமை போன இன்ஜின் அலறியிருக்கும். ஆனால் கிளட்சை மட்டும் பிடித்தால் இன்ஜின் இழுத்துக் குறைக்கும் வேகக் குறைப்பும் போய்விடும். வண்டி நழுவிக்கொண்டே போகும். எனவே அவசரத்தில் கிளட்ச் தனி வழி ஆகாது, பிரேக்குக்குத் துணை வழிதான். இன்னொன்று: கோல்டு விங்கின் டிசிடி (தானியங்கி கியர்) மாடலில் கிளட்ச் லீவரே கிடையாது. சாதாரண கியர் வண்டியிலிருந்து அதற்கு மாறுபவர்கள் இந்த வழியை மனத்திலிருந்து அழித்துவிட வேண்டும்.

*நான்கு: பிடியை முன்னோக்கித் தள்ளுவது.* பெரும்பாலான டூரிங் வண்டிகளில் இருக்கும் அருமையான ஏற்பாடு இது. ஆக்ஸிலேட்டர் மூடிய நிலைக்கு வந்த பிறகும், அதை இன்னும் சற்று முன்னோக்கித் திருப்ப முடியும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும். அந்தச் சின்ன அசைவைக் கணினி ‘விடு’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மூடுவதற்குப் பழகிய அதே கை, அதே திசையில், கொஞ்சம் அழுத்தமாக. உளுந்தூர்பேட்டையில் எனக்கு உதவியிருக்க வேண்டியது இதுதான். மூடியதோடு நிற்காமல் தள்ளியிருந்தால் அப்போதே விட்டிருக்கும். முன்னால் போகும் வண்டி மெதுவாகும்போது, பிரேக் தேவைப்படாத சாதாரணச் சூழலில், அன்றாடம் பயன்படுத்த ஏற்ற வழி இது. உங்கள் வண்டியில் இந்த வசதி உண்டா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். எல்லா வண்டியிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

*ஐந்து: பட்டன்.* ‘கேன்சல்’ பட்டன், அல்லது பிரதான சுவிட்ச். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சிலவற்றில் இடது பக்கம், சிலவற்றில் வலது பக்கம். நிதானமான நேரத்தில் இது நல்ல வழி. அவசரத்தில் இதை நம்ப வேண்டாம். காரணம் எளியது. நம் ஊரில் ஆபத்து தெரிந்ததும் இடது கட்டைவிரல் ஹாரனைத் தேடிப் போகும். அந்த விரலுக்கு அந்த நொடியில் வேறு வேலை கொடுத்தால் இரண்டுமே கெடும். இடது கட்டைவிரல் ஹாரனுக்கு, வலது கை குரூஸுக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர, வண்டி தானாகவே விடுவதும் உண்டு. மேட்டில் வேகம் மிகவும் இறங்கிப்போனாலும், மழையிலோ மணலிலோ பின்சக்கரம் வழுக்கி டிராக்ஷன் கண்ட்ரோல் தலையிட்டாலும், சென்சாரில் கோளாறு தெரிந்தாலும் பல வண்டிகளில் கணினி குரூஸை விட்டுவிடும். அப்போது திடீரென்று இன்ஜின் இழுப்பு குறைவதை உணர்வீர்கள். பதறாமல் பிடியை மெல்லத் திறந்து வண்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செயல் மட்டும் விடுவிக்கும் வழி அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி வேகம் எடுக்கும். முறுக்கியதை விட்டால் பூட்டிய வேகத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. லாரியை முந்திவிட்டு, கையை விட்டால் வண்டி மெதுவாகிவிடும் என்று நினைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

விடுவிப்பது வேறு, அணைப்பது வேறு

பிரேக்காலோ பிடியாலோ விடுவித்தால் வேகம் நினைவில் இருக்கும் என்று பார்த்தோம். ‘ரெஸ்யூம்’ பட்டனைத் தொட்டால் வண்டி அந்தப் பழைய வேகத்துக்குத் தானே ஏறும். நெடுஞ்சாலையில் இது சுகம். ஊருக்குள் இது ஆபத்து.

நான்குவழிச் சாலையில் 80-ல் பூட்டியிருந்தீர்கள். பிரேக் பிடித்து விடுவித்து, சர்வீஸ் ரோட்டில் இறங்கிக் கடைத்தெருவுக்குள் 40-ல் போகிறீர்கள். இண்டிகேட்டரைத் தேடிய விரல் ‘ரெஸ்யூம்’ மேல் பட்டது. வண்டி 80-ஐ நோக்கிப் பாயத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடமாக அது இருக்கலாம்.

ஆகவே வழக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் தொடர்ந்து போகப்போகிறீர்கள் என்றால் விடுவித்தால் போதும். சாலையை விட்டு இறங்குகிறீர்கள் என்றால் பிரதான சுவிட்சையே அணையுங்கள். மீட்டரில் குறி மறைந்ததைக் கண்ணால் பாருங்கள். இண்டிகேட்டர் போடும் அதே நேரத்தில் இதையும் செய்யப் பழகினால் மறக்காது.

எங்கே, எப்போது விடுவிக்க வேண்டும்?

ஆபத்து வந்த பிறகு விடுவிப்பது தப்பித்தல். வருவதற்கு முன் விடுவிப்பதுதான் ஓட்டத் தெரிந்தவரின் அடையாளம். நம் சாலைகளில் கீழ்க்கண்ட இடங்களில் யோசிக்காமல் விடுவித்துவிடுங்கள்.

• டோல்கேட் பலகை கண்ணில் பட்டதும். இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதால் நாம் இடது ஓரத்துக்கு ஒதுங்குவோம். அதற்கு முன்பே வேகத்தடைக் கோடுகள் தொடங்கிவிடும்.

• போலீஸ் பேரிகார்டு தெரிந்ததும். இரண்டு பேரிகார்டுகளை மாறி மாறி வைத்திருப்பார்கள். குரூஸில் அந்த வளைவை எடுக்க முடியாது.

• மீடியனில் இடைவெளி உள்ள ஊர் எல்லைகளில். எதிர்த்திசையில் வரும் டூவீலர், கடக்கும் மாடு, திரும்பும் டிராக்டர் எல்லாம் அங்கேதான் வரும்.

• இறக்கங்களில். பெரும்பாலான வண்டிகளில் சாதாரண குரூஸ் இன்ஜினைத் தளர்த்துமே தவிர, பிரேக் பிடிக்காது. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் கனரக லாரிகள் பிரேக் சூட்டோடு இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே வண்டி முழுக்க உங்கள் கையில் இருக்க வேண்டும்.

• கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில். கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ குரூஸுக்கு வேலையே இல்லை. அடிவாரத்திலேயே பிரதான சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

• பக்கக் காற்று அடிக்கும் இடங்களில். நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் நிற்பது காற்றின் வேகத்தால்தான். பெட்டிகளும் பெரிய முகப்புக் கண்ணாடியும் உள்ள டூரிங் வண்டியை அந்தக் காற்று பாய்மரம் போலத் தள்ளும். வேகத்தை நொடிக்கு நொடி நீங்களே தீர்மானிக்க வேண்டிய இடம் அது.

• முதல் மழைத்துளி விழுந்ததும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மழையின் தொடக்கத்தில்தான் அதிகம் வழுக்கும். சக்கரம் பிடிப்பை இழக்கும் நேரத்தில் வேகத்தைப் பிடித்து வைக்க முயலும் கருவி உதவாது.

• கண் எரியத் தொடங்கியதும். குரூஸ் கையின் வலியைக் குறைக்கும், தூக்கத்தைக் குறைக்காது. உண்மையில் கைக்கு வேலை இல்லாதபோது கண் சீக்கிரம் சொருகும். விடுவித்து, ஓரம் கட்டி, டீ குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

பின்னால் இருப்பவர் குலுங்காமல்

கோல்டு விங் டூர் வண்டியே ஏறக்குறைய 380 கிலோ. பின்னால் ஒருவர், மூன்று பெட்டி நிறையச் சாமான் என்றால் இன்னும் கூடும். 1833 சிசி இன்ஜின் திடீரென்று இழுப்பை நிறுத்தினால் வண்டி முன்னால் குனியும், பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்கும். அவர் கண்ணயர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

நிதானமாக விடுவிக்க நேரம் இருக்கும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் பிடியை மெல்ல முறுக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் வண்டி இம்மியளவு வேகம் எடுப்பதை உணர்வீர்கள். கணினி பிடித்திருந்த சுமை அப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ‘கேன்சல்’ பட்டனைத் தட்டுங்கள். குரூஸ் போனதே தெரியாது. பிறகு பிடியை மெதுவாகத் தளர்த்தி வேகத்தை இறக்குங்கள். தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவது போன்ற வேலை இது. வாங்கும் கை தயாரான பிறகே கொடுக்கும் கை விட வேண்டும்.

ரேடார் உள்ள வண்டிகளில்

2020 இறுதியில் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, முன்னும் பின்னும் ரேடார் பொருத்திய முதல் மோட்டார் சைக்கிள். அடுத்து பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி போன்ற டூரிங் வண்டிகளும் ரேடார் குரூஸுடன் வந்தன. முன்னால் போகும் வண்டி மெதுவானால் இவை தாமே மெதுவாகும், லேசாக பிரேக்கும் பிடிக்கும். அது விலகினால் பழைய வேகத்துக்கு ஏறும்.

இவற்றிலும் விடுவிக்கும் வழிகள் முன்சொன்னவையே. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: இது அவசர பிரேக் அல்ல. சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கணக்கில் எடுக்காது என்று பிஎம்டபிள்யூ தன் வண்டியைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும் டிராக்டரும் நம் நெடுஞ்சாலைகளில் சாதாரணம். இரண்டாவது: முன்னால் போன கார் மெதுவாகி இடப்பக்கம் விலகியதும், வழி கிடைத்ததென்று வண்டி வேகம் எடுக்கும். அந்தக் கார் எதற்காக விலகியது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முன்னால் போகும் வண்டி தயங்குவதைக் கண்டாலே பிடியைத் தள்ளி விடுவித்துவிடுங்கள்.

த்ராட்டில் லாக் பொருத்தியவர்களுக்கு

குரூஸ் இல்லாத வண்டிகளில் சிலர் வெளியே வாங்கி த்ராட்டில் லாக் பொருத்துகிறார்கள். இது ஆக்ஸிலேட்டர் பிடியை உராய்வால் ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் கருவி. அவ்வளவே. வண்டியின் வேகம் அதற்குத் தெரியாது. பிரேக் பிடித்தாலும் விடாது, கிளட்ச் பிடித்தாலும் விடாது. கிளட்சை மட்டும் இழுத்தால் இன்ஜின் அலறும். பிடியைக் கையால் திருப்பி மூடினாலோ கருவியின் பொத்தானை அழுத்தினாலோதான் விடும்.

மின்னணு குரூஸுக்குப் பழகியவர் இந்தக் கருவி உள்ள வண்டியில் ஏறினாலும், இதற்குப் பழகியவர் குரூஸ் வண்டியில் ஏறினாலும், கை தவறான வழியைத் தேடும். நண்பருடன் வண்டி மாற்றி ஓட்டுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளப்ப வேண்டும்.

விடுபடவில்லை என்றால்

மிக அரிது. ஆனாலும் வரிசை கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. பிடியை முன்னோக்கி அழுத்தித் தள்ளுங்கள். அதோடு இரண்டு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடியுங்கள்.
2. கிளட்சை முழுவதும் இழுங்கள். இன்ஜின் எவ்வளவு அலறினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது.
3. வலது கட்டைவிரலால் சிவப்பு கில் சுவிட்சைத் தட்டுங்கள். டிசிடி வண்டியில் பிரேக்குக்கு அடுத்து நேராக இதற்குப் போங்கள்.
4. கண்ணாடியில் பின்னால் பார்த்து, இடது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள்.

ஓடும்போது சாவியைத் திருப்ப முயலாதீர்கள். கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டிவரும், விளக்குகளும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். நின்ற பிறகு பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, சர்வீஸில் காட்டும் வரை குரூஸைத் தொடாமல் ஓட்டுங்கள்.

இந்த நிலை வராமல் இருக்க ஒரு நிமிடச் சோதனை போதும். பயணத்துக்கு முன் முன்பிரேக்கைத் தனியாகவும் பின்பிரேக்கைத் தனியாகவும் பிடித்து, ஒவ்வொரு முறையும் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிரேக்கைக் கணினி அறிவது அந்த சுவிட்சுகள் வழியாகத்தான். விளக்கு எரியவில்லை என்றால் அன்றைக்கு குரூஸ் வேண்டாம்.

பயிற்சி

*வீட்டு வாசலில், இன்ஜின் அணைந்த நிலையில்:* பயணத்தில் போடும் அதே கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். பிடியை விட்டு மூடவிடுங்கள். பிறகு முன்னோக்கித் தள்ளுங்கள். ஸ்பிரிங் எதிர்க்கும் அந்த அசைவைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை உணருங்கள். அடுத்து தள்ளுவதையும் முன்பிரேக் விரல்கள் எழுவதையும் ஒரே அசைவாகச் சேர்த்து இருபது முறை செய்யுங்கள்.

*காலியான நேர்ச்சாலையில், பகலில், தனியாக:* 60 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தில் பூட்டுங்கள். கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு விடுவியுங்கள். முதலில் பிடியால் பத்து முறை. பிறகு முன்பிரேக்கால் பத்து முறை, பின்பிரேக்கால் ஐந்து, கிளட்சால் ஐந்து, பட்டனால் ஐந்து. ஒவ்வொரு முறையும் குறி மாறுகிறதா என்று ஒரு கணம் மீட்டரைப் பாருங்கள்.

*கடைசியாக:* சாலையோரத்தில் ஒரு மரத்தையோ கிலோமீட்டர் கல்லையோ குறித்துக்கொண்டு, அதைத் தாண்டும் நொடியில் விடுவியுங்கள். யோசித்துச் செய்வது யோசிக்காமல் நடக்கும் செயலாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

குரூஸ் ஓடும்போது வலது கை எப்போதும் பிடியின் மேலேயே இருக்கட்டும். இரண்டு விரல்கள் பிரேக் லீவர் மேல் தங்கட்டும். கைக்கு ஓய்வு வேண்டுமென்றால் தோளைத் தளர்த்துங்கள், விரல்களை விரித்து மடக்குங்கள். தொடையில் கையை வைத்துக்கொண்டு ஓட்டுவது ஓய்வு அல்ல, சூதாட்டம்.

முன்பெல்லாம் பெரிய டூரிங் வண்டிகளில் மட்டும் இருந்த இந்த வசதி, இப்போது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310, கேடிஎம் 390 அட்வென்ச்சர் என்று நடுத்தர வண்டிகளுக்கு வந்து, 2025-ல் ஹீரோ கிளாமர் எக்ஸ் மூலம் 125 சிசி வண்டிக்கும் இறங்கிவிட்டது. குரூஸ் என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளிலும் இனி அந்தப் பட்டன் இருக்கும். உங்கள் தம்பியோ மகளோ நாளை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடும். போடும் பட்டனை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். எடுக்கும் வழியை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். வாசலில் வண்டியை நிறுத்தி, அவர்கள் கையைப் பிடிமேல் வைத்து, மூடியதற்கு அப்பால் உள்ள அந்தச் சின்னத் தள்ளல் இருக்கிறதா என்று இருபது முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டியில் அது இல்லையென்றால் பிரேக் விரல்களை இருபது முறை எழுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சாவியைக் கொடுங்கள்.